ஆர்.சி. கேட்டமரானில் ஜெட் டிரைவ்: மோட்டாரைக் குறை சொல்லும் முன்

ஜெட் (அடியில் தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சும் பம்ப்) போட்ட கேட்டமரான், அதாவது ரிமோட்டில் ஓடும் இரட்டை உடல் படகு, தண்ணீரில் கீச்சென்று சத்தம் மட்டும் போட்டுக்கொண்டு நகராமல் நின்றால், அடுத்த ஞாயிறே காட்பாடியில் ரயிலேறி சென்னை ரிச்சி தெருவுக்குப் பெரிய மோட்டார் தேடிப் போகிறவர்கள் உண்டு. கோளாறு பெரும்பாலும் மோட்டாரில் இருக்காது. ஜெட்டுக்குள் சுற்றும் இறக்கைச் சக்கரமான இம்பெல்லருக்குத் தண்ணீரோடு காற்றும் போகிறது. புரொப்பல்லர் கொஞ்சம் நுரையிலும் சமாளித்துவிடும். ஜெட்டுக்கு அந்தப் பொறுமை கிடையாது.

பெரிய மோட்டார் போட்டால் நிலைமை இன்னும் மோசமாகலாம். 3 செல் லிப்போ பேட்டரி 11.1 வோல்ட், 3000 கேவி (ஒரு வோல்ட்டுக்கு 3000 சுற்று) மோட்டார் என்றால் சுமையில்லாமல் நிமிடத்துக்கு 33,300 சுற்று. சின்ன இம்பெல்லரை அந்த வேகத்துக்கு விரட்டினால், காற்றே புகாவிட்டாலும் இறக்கையின் பின்னால் தண்ணீர் ஆவிக் குமிழாக உடைந்து உந்துவிசை விழுந்துவிடும். ஜெட்டோடு வரும் தாளில் போட்டிருக்கும் கேவியைத் தாண்டாதீர்கள்.

சரி, காற்று எங்கிருந்து வருகிறது? முதல் சந்தேகம், தண்ணீரை உறிஞ்சும் வாயான இன்டேக் இருக்கும் இடத்தின் மேல்தான். இரண்டு உடலுக்கும் நடுவில் வசதியாக இடம் இருக்கிறதே என்று அங்கே ஒற்றை ஜெட்டைத் தொங்கவிடுகிறார்கள். வேகம் எடுத்ததும் அந்தச் சந்தில் ஓடுவது பாதி காற்று, பாதி நுரை. உடலுக்கு ஒன்றாக இரண்டு ஜெட் வைப்பதுதான் முறை. அப்போதும் உட்பக்கச் சுவரை ஒட்டி வெட்டக் கூடாது; படகு திரும்பும்போது ஒரு பக்கம் லேசாகத் தூக்கினால் போதும், அந்த விளிம்பு வழியாகக் காற்று உள்ளே போய்விடும். உடலின் மிக ஆழமான கோட்டில் வையுங்கள். இன்டேக்குக்கு நேர் முன்னால் படி, வரி, ஸ்க்ரூ தலை எதுவும் இருக்கக் கூடாது. அவை ஒவ்வொன்றும் பின்னால் குமிழை இழுத்துக்கொண்டு வரும்.

ஜெட்டைப் பசை போட்டு ஒட்டிய இடத்தைக் கண்ணால் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். படகைக் கவிழ்த்து, முன்னாலிருந்து இன்டேக் வரை விரல் நகத்தால் இழுத்துப் பாருங்கள். நகம் தட்டும் இடத்தில் தண்ணீரும் தட்டும். எபாக்சி பட்டி வைத்து, 400 நம்பர் வாட்டர் பேப்பரை நனைத்து, நகம் வழுக்கிக்கொண்டு போகும்வரை தேய்க்க வேண்டும். சலிப்பான வேலைதான். ஆனால் பெரிய மோட்டார் வாங்கித் தராத வேகத்தை இந்த அரை மணி நேரம் தரும்.

காற்று புக யாரும் கவனிக்காத இன்னொரு வழி, மோட்டாரையும் இம்பெல்லரையும் இணைக்கும் தண்டு ஓடும் ஷாஃப்ட் குழாய். அதன் ஒரு முனை படகுக்குள் காற்றில் இருக்கிறது, மறுமுனை இம்பெல்லர் உறிஞ்சும் அறையில். கிரீஸ் காய்ந்துவிட்டால், ஓட்டை விழுந்த ஸ்ட்ராவில் இளநீர் குடிக்கிற கதைதான். ஓட்டத்துக்கு முன் குழாயில் கெட்டியான மரைன் கிரீஸ் நிரப்புங்கள்.

இன்டேக்குக்கு உடலை வெட்டும் முன்பே நீர்மட்டத்தைக் குறித்துவிட வேண்டும். பேட்டரி, மோட்டார், ஜெட் எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் வைத்து, சிமென்ட் தொட்டியில் மிதக்கவிட்டுப் பென்சிலால் கோடு போடுங்கள். நிற்கும்போது இம்பெல்லர் பாதியாவது மூழ்கியிருந்தால்தான் பம்ப் தண்ணீரைப் பிடிக்கும். ஜெட்டுக்குள் ஏறும் தண்ணீரின் எடையில் பின்பக்கம் இன்னும் கொஞ்சம் தாழும், அதையும் கணக்கில் வையுங்கள். இரண்டு உடலும் ஒரே அளவு அமிழ்கிறதா என்பது அதைவிட முக்கியம். பேட்டரி ஒரு பக்கமாக இருந்தால் மறுபக்க ஜெட் காற்றைக் குடிக்கும். படகு ஒருபுறமாக இழுக்கும். நீங்கள் ஸ்டியரிங்கைத் திருப்பும் சர்வோவைச் சந்தேகப்படுவீர்கள்.

புரொப்பல்லர் பழக்கத்தில் இரண்டு மோட்டாரையும் எதிரெதிர் திசையில் சுற்றவிடுகிறவர்களும் உண்டு. ஜெட்டில் இம்பெல்லரும் அதன் பின்னால் அசையாமல் நிற்கும் இறக்கைகளான ஸ்டேட்டரும் ஒரே திசைக்கென்று வார்க்கப்பட்டவை. கம்பியை மாற்றித் திருப்பினால் அந்தப் பக்கம் தண்ணீர் இன்டேக் வழியாக வெளியே வரும். இவ்வளவு அகலமான படகில் முறுக்கு விசை ஒரு பிரச்சினையே இல்லை. இரண்டும் ஒரே திசையில் சுற்றட்டும்.

மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இஎஸ்சி இரண்டையும் ஒய் கம்பியில் ஒரே சேனலுக்குச் சேர்க்கும்போது, இரண்டிலும் பிஇசி (ரிசீவருக்கு மின்சாரம் தரும் பகுதி) இருந்தால் ஒன்றின் சிவப்புக் கம்பியை மட்டும் பிளக்கிலிருந்து உருவி டேப் சுற்றிவிடுங்கள். கறுப்பைத் தொட வேண்டாம்.

3டி பிரிண்ட் ஜெட் போடுகிறவர்கள் பிஎல்ஏ பிளாஸ்டிக்கை மறந்துவிடலாம். அது 60 டிகிரி வாக்கிலேயே இளகத் தொடங்கும். வேலூர் மே மாத வெயிலில் மூடி நிறுத்திய காருக்குள் கிடந்தால், இம்பெல்லரைச் சுற்றியுள்ள அரை மில்லிமீட்டர் இடைவெளி என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பிஇடிஜி அல்லது ஏபிஎஸ் போடுங்கள், உட்சுவரைத் தேய்த்து வழவழப்பாக்குங்கள்.

ஓட்டுகிற இடம் அடுத்த தலைவலி. வேலூர்க் கோட்டை அகழி தொல்லியல் துறை வசம் இருக்கிறது, அந்த ஆசையை விட்டுவிடுங்கள். ஏரிகளில் வடகிழக்குப் பருவமழைக்குப் பின் சில மாதங்கள்தான் நல்ல தண்ணீர். மீன் குத்தகை எடுத்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் வலை எங்கே கிடக்கிறது என்பதும் தெரிந்துவிடும். நியூசிலாந்தின் வில்லியம் ஹாமில்டன் 1950-களில் ஜெட் படகை உருவாக்கியதே ஆழமில்லாத ஆறுகளுக்காகத்தான் என்றாலும், அதை நம்பிப் பாலாற்றுக் குட்டையில் இறக்காதீர்கள். மணல், இம்பெல்லர் சுற்றும் உறையை அறுத்து இடைவெளியைக் கூட்டிவிடும். ஆகாயத் தாமரைக்குப் பயந்து இன்டேக்கில் நெருக்கமான வலை அடிப்பதும் தவறு, தண்ணீரே போகாது. படகு ஓடும் திசையில் நாலைந்து மெல்லிய கம்பி போதும்.

கடைசியாக, ஜெட்டில் த்ராட்டில் இல்லையென்றால் ஸ்டியரிங்கும் இல்லை. கல் பதித்த ஏரிக்கரை நெருங்கும்போது பதறி விரலை எடுத்தால் படகு நேராகப் போய் மோதும். கொஞ்சம் த்ராட்டில் வைத்துக்கொண்டே திருப்பப் பழகுங்கள். ஒய் கம்பிக்குப் பதில் இரண்டு இஎஸ்சிக்கும் தனித்தனி சேனல் கொடுத்து டிரான்ஸ்மிட்டரில் மிக்ஸ் போட்டால் (ஸ்டியரிங்கோடு த்ராட்டிலையும் சேர்த்தால்) திருப்பம் இன்னும் சுலபம். ஒரு பக்கம் தணிந்து மறுபக்கம் ஏறும்போது, இந்த அகலத்துக்குக் கேட்டமரான் சின்ன வட்டத்திலேயே திரும்பிவிடும்.