பல வருஷம் கழித்துப் பாவசங்கீர்த்தனம் செய்யப் போகிறவர்களுக்கு

பாவசங்கீர்த்தனம், அதாவது கத்தோலிக்கர் தம் பாவங்களைக் குருவிடம் சொல்லி மன்னிப்புப் பெறுவது, கல்யாணத்துக்கு முந்தின நாள் செய்ததுதான், அப்புறம் 11 வருஷம் நான் அந்தப் பக்கமே போகவில்லை. மகளுக்குப் புதுநன்மை (பூசையில் முதன்முதலாக நற்கருணை வாங்குவது) வந்தபோது, "அப்பா, நீங்க எப்போ செய்வீங்க?" என்று அவள் கேட்டதில் வசமாக மாட்டிக்கொண்டேன். என்னைப் போல் தள்ளிப் போடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் யாரிடம் போவது என்று முடிவு செய்யுங்கள். பங்குச் சாமியார், அதாவது நம் கோயில் குரு, நம் வீட்டில் சாப்பிட்டவர், அன்பியக் கூட்டத்தில் (அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேரும் ஜெபக் கூட்டம்) எதிரே உட்காருகிறவர், அவரிடம் போய் எப்படி என்ற கூச்சம்தான் பாதிப் பேரைத் தடுக்கிறது. அப்படியானால் பக்கத்துப் பங்குக்குப் போங்கள், அல்லது வேளாங்கண்ணி, பூண்டி மாதிரித் திருத்தலத்துக்குப் போங்கள், தப்பே இல்லை. ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரத்தில் மட்டும் வேண்டாம், வரிசையைப் பார்த்தே திரும்பி வந்துவிடுவீர்கள். சாதாரண நாளில் "சாமி, ரொம்ப வருஷம் ஆயிற்று, கொஞ்சம் நேரம் வேண்டும்" என்று முன்கூட்டியே கேளுங்கள்.

வெளியே சொல்லிவிடுவாரோ என்ற பயமா? திருச்சபைச் சட்டம் 983 அதை முழுக்கத் தடுக்கிறது. அடுத்த எண் இன்னும் ஒரு படி மேலே போய், கேட்டதை வைத்து உங்களுக்குப் பாதகமாக எதுவும் செய்யக்கூடாது என்கிறது. நேரடியாக ரகசியத்தை உடைக்கிற குரு அந்த நிமிஷமே திருச்சபைக்குப் புறம்பாகிவிடுவார், அந்தத் தண்டனையை நீக்க ரோமாபுரிதான், அதாவது போப்பாண்டவரின் திருப்பீடம்தான் வேண்டும்.

முந்தின இரவு பத்துக் கட்டளைகளை வைத்து ஆன்மசோதனை செய்யுங்கள். 11 வருஷத்துக்கும் கணக்குப் பேரேடு போட வேண்டியதில்லை. சாவான பாவங்கள் (தெரிந்தே, மனதறிந்து செய்த கனமான பாவங்கள்) என்னென்ன, சுமாராக எத்தனை முறை, அவ்வளவுதான். துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்ளலாம், முடிந்ததும் கிழித்துவிடுங்கள். நான் சட்டைப் பையிலேயே விட்டு, துவைக்கப் போட்ட பிறகுதான் ஞாபகம் வந்தது. நல்லவேளை, என் கையெழுத்து எனக்கே புரியாது.

உள்ளே போனதும் சிலுவை அடையாளம் போட்டு, "சாமி, பாவியாகிய என்னை ஆசீர்வதியும், நான் பாவசங்கீர்த்தனம் செய்து இத்தனை வருஷம் ஆகிறது" என்று தொடங்குங்கள். பாவத்துக்கு வருந்திச் சொல்லும் மனஸ்தாப மந்திரம் மறந்துபோச்சா, அதையும் சொல்லுங்கள், எடுத்துக் கொடுப்பார். நம் பாவத்தைச் சொல்லப் போய் மாமியார் பாவத்தைச் சொல்லிவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம். "அவர்கள் அப்படிப் பேசினதால்தான்" என்று ஆரம்பித்தாலே கதை நீளும். "மூன்று மாதமாக அவர்களோடு பேசவில்லை" என்றால் போதும். மறந்துபோன பாவத்துக்கும் மன்னிப்பு உண்டு, பெரியதென்றால் அடுத்த முறை சொல்லிவிட வேண்டும். வேண்டுமென்றே சாவான பாவம் ஒன்றை மறைத்தால் மட்டும் மொத்தமும் செல்லாது.

நான் ஒரு வாரமாக என்ன சொல்வது என்று மனப்பாடம் செய்துகொண்டு போனேன். பைபிளில் லூக்கா 15இல், சொத்தை அழித்துவிட்டு அப்பாவிடம் திரும்பி வருகிற ஊதாரி மகனும் அதைத்தான் செய்கிறான். "கூலியாள்களுள் ஒருவனாக வைத்துக்கொள்ளும்" என்ற கடைசி வரியை அவன் சொல்வதற்குள் அப்பா நல்ல உடையைக் கொண்டுவரச் சொல்லிவிடுகிறார். என் கதையும் கிட்டத்தட்ட அப்படித்தான், பாதியிலேயே குரல் அடைத்துவிட்டது, அவர் காத்திருந்தார். எல்லாருக்கும் அப்படி வாய்க்காது. கடுகடுவென்று பேசுகிறவரும் கிடைப்பார், அடுத்த முறை வேறு சாமியாரிடம் போங்கள், போவதை மட்டும் நிறுத்தாதீர்கள். மனசு லேசாகவில்லையே என்றும் குழம்ப வேண்டாம், மன்னிப்பு நம் உணர்ச்சியைப் பொறுத்ததல்ல. திரும்ப அதே பாவத்தில் விழுந்துவிடுவேனோ என்ற சந்தேகம் இருந்தாலும் போகலாம், இனி செய்யக்கூடாது என்று இப்போது உண்மையாக நினைக்கிறீர்களா, அது போதும்.

அபராதமாக, அதாவது பாவத்துக்குப் பரிகாரமாக, எனக்குக் கிடைத்தது மாதாவை நோக்கிச் சொல்லும் அருள் நிறைந்த மந்திரம் மூன்று. 11 வருஷத்துக்கு இவ்வளவுதானா என்று கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. ஆனால் எழுந்திருக்கும்போது, "அண்ணனுக்கு ஒரு ஃபோன் போடுங்க" என்றார். எடுத்த பணத்தைத் திருப்பித் தருவது, கெடுத்த பெயரைச் சரிசெய்வது, இதெல்லாம் மந்திரத்தோடு தீராத பாக்கி.

மந்திரத்தைக் கோயிலிலேயே சொல்லிவிட்டேன். அண்ணன் முதல் தடவை ஃபோனை எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மறுபடி அடித்தேன்.