மலையகப் பிரதிநிதி ஒருவரின் தேர்தல் வரலாற்றைப் பிழையில்லாமல் தொகுப்பது எப்படி

இலங்கையின் தோட்டங்கள் நிறைந்த மலைநாடான மலையகத்தில் பாராளுமன்ற உறுப்பினரோ மாகாண சபை உறுப்பினரோ, ஒருவரின் தேர்தல் வரலாற்றை எழுத உட்காருகிறவர்கள் முதலில் கையில் எடுப்பது நினைவு மலரையும் இரங்கல் செய்தியையும்தான். "தொடர்ந்து 4 முறை வெற்றி", "அமோக வெற்றி" போன்ற வரிகள் அவற்றில் இருக்கும். எந்தத் தேர்தல், எந்தப் பட்டியல், எத்தனை வாக்கு என்பது இருக்காது. ஆகவே மலரை ஒருபக்கம் வைத்துவிட்டு வெறும் தாளில் கட்டம் போடுங்கள். திகதி, சபை, தொகுதி அல்லது மாவட்டம், சொந்தச் சங்கம் அல்லது கட்சி, போட்டியிட்ட பட்டியல், சின்னம், பட்டியல் பெற்ற வாக்கு, அவருடைய விருப்பு வாக்கு (பட்டியலுக்குள் அவருக்கென்று விழுந்த வாக்கு), முடிவு, ஆதாரம் என்று 10 நிரல் வேண்டும்.

கட்சிக்கு ஒரே நிரல் போட்டால் மலையகத்தில் வேலை கெட்டுவிடும். இங்கே அரசியல் தொழிற்சங்கத்திலிருந்து வளர்ந்தது. ஆள் ஒரு சங்கத்தில் இருப்பார், போட்டியிடுவது வேறொரு கட்சியின் பட்டியலில், வாக்குச்சீட்டில் இருப்பது அந்தக் கட்சியின் சின்னம். இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸின் சின்னம் சேவல். ஆனால் நுவரெலியா மாவட்டத்தில் அதன் வேட்பாளர்கள் 2015இல் வெற்றிலையிலும் 2020இல் மொட்டிலும் 2024இல் யானையிலும் நின்றார்கள். சின்னத்தை மட்டும் பார்த்து எழுதுகிறவர் இதைப் பார்த்து மூன்று முறை கட்சி மாறினார் என்று எழுதிவிடுவார். சங்கத்தை மட்டும் பார்க்கிறவருக்கு அதிகாரபூர்வ முடிவுத்தாளில் அந்த ஆளே அகப்படமாட்டார். சங்கம், பட்டியல், சின்னம் மூன்றுக்கும் தனித்தனி நிரல் இருந்தால் இந்த இரண்டு பிழையும் வராது.

சுயேச்சைக் குழுவுக்கும் இதே கவனம் வேண்டும். மலையக மக்கள் முன்னணியின் பெரியசாமி சந்திரசேகரன் 1994இல் நுவரெலியாவிலிருந்து சுயேச்சைக் குழுவில்தான் தெரிவானார். 225 பேர் கொண்ட சபையில் பொதுஜன ஐக்கிய முன்னணி பெரும்பான்மைக்கு வேண்டிய 113ஐத் தொட அவருடைய ஒற்றை ஆதரவு கைகொடுத்தது. இவ்வளவு பெரிய நிகழ்வு நடந்தும், மலையக மக்கள் முன்னணியின் பெயரை முடிவுத்தாளில் தேடினால் கிடைக்காமல் போகலாம். சுயேச்சைக் குழுக்களின் இலக்கம் மாவட்டத்துக்கு மாவட்டம் மாறுவதால், மாவட்டப் பெயரையும் சேர்த்தே குறித்துக்கொள்ளுங்கள்.

முதலில் திகதிகள்

ஆளைப் பற்றி ஒரு வரிகூட எழுதுமுன் எல்லாத் தேர்தல்களையும் கட்டத்தில் இறக்கிவிடுங்கள். அவர் போட்டியிடாத தேர்தலுக்கும் ஒரு வரி வேண்டும். பாராளுமன்றத் தேர்தல் நடந்த ஆண்டுகள்: 1947, 1952, 1956, 1960 மார்ச், 1960 ஜூலை, 1965, 1970, 1977, 1989, 1994, 2000, 2001, 2004, 2010, 2015, 2020, 2024. 1947இல் வாக்கெடுப்பு ஒரே நாளில் நடக்கவில்லை. ஓகஸ்ட் 23 முதல் செப்டெம்பர் 20 வரை தொகுதிவாரியாகப் பல நாள்களில் நடந்தது. 1960ஐ ஒரே வரியாக எழுதினால் ஒரு தேர்தல் காணாமல் போகும்.

அதிகம் பேர் தவறுவது 1977க்கும் 1989க்கும் இடையில்தான். 1982 டிசம்பர் 22இல் நடந்த சர்வசன வாக்கெடுப்பின் மூலம் பாராளுமன்றத்தின் ஆயுள் நீடிக்கப்பட்டது. 1983இல் பொதுத் தேர்தல் நடக்கவில்லை. 1977இல் தெரிவான ஒருவர் பதினொரு ஆண்டுக்கு மேல் உறுப்பினராக இருந்திருந்தாலும் அது ஒரே வெற்றிதான். இரண்டாக எண்ணக்கூடாது.

2020 தேர்தல் முதலில் ஏப்ரல் 25க்குக் குறிக்கப்பட்டிருந்தது. நடந்தது ஓகஸ்ட் 5இல். பழைய திகதி அச்சான துண்டுப்பிரசுரம் கையில் கிடைத்தால் அதைத் தேர்தல் திகதி என்று பதியாதீர்கள். மத்திய மாகாண சபைத் தேர்தல்கள் 1988, 1993, 1999, 2004, 2009, 2013 ஆகிய ஆண்டுகளில் நடந்தன. 2013 தேர்தல் செப்டெம்பர் 21இல் நடந்தது. அந்தச் சபையின் காலம் 2018இல் முடிந்தபின் புதிய தேர்தல் வரவில்லை. ஆகவே "இன்றுவரை மாகாண சபை உறுப்பினர்" என்று யாரையும் எழுத முடியாது.

வெற்று வரிக்குக் காரணம் எழுதுங்கள்

1947இல் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸின் முன்னோடியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் வென்ற இடங்கள் சில அட்டவணைகளில் 6 என்றும் மலையக எழுத்துகள் பலவற்றில் 7 என்றும் வரும். எண்ணை விட்டுவிட்டுத் தொகுதிகளை எழுதிப் பாருங்கள். 7 என்பவர்கள் எண்ணுவது நுவரெலியா, தலவாக்கலை, கொட்டகலை, நாவலப்பிட்டி, மஸ்கெலியா, பதுளை, அளுத்நுவர. நுவரெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமான், தலவாக்கலையில் சி. வி. வேலுப்பிள்ளை, நாவலப்பிட்டியில் கே. ராஜலிங்கம் என்று ஒவ்வொரு தொகுதிக்கும் ஆளின் பெயரைப் போட்டுக்கொண்டு போனால், எந்தத் தொகுதியில் வித்தியாசம் என்பது தானாகத் தெரியும்.

அடுத்த வரி 1952. இந்த வரியை எப்படி நிரப்புகிறீர்கள் என்பதில்தான் உங்கள் தொகுப்பின் நேர்மை இருக்கிறது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்ட மக்களில் பெரும்பாலானோரைப் பிரஜையற்றவர்களாக்கியது. 1949ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம் அவர்களை வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கியது. 1952இல் இந்த மக்களின் பிரதிநிதி ஒருவர்கூடத் தெரிவாகவில்லை. அந்த இடத்தைச் சும்மா விட்டால் "தோற்றார்" அல்லது "ஒதுங்கிக்கொண்டார்" என்று படிப்பவர் எடுத்துக்கொள்வார். வாக்களித்த மக்களிடமிருந்து வாக்கே பறிக்கப்பட்டது தலைவரின் தோல்வியாக மாறிப்போவது நமக்கு நாமே செய்யும் அநியாயம். "ஆதரவாளர்கள் வாக்குரிமை இழந்திருந்தனர்" என்று முடிவு நிரலிலேயே எழுதுங்கள்.

1960இல் தொண்டமான் மீண்டும் பாராளுமன்றம் போனது நியமன உறுப்பினராக. 1965இலும் அப்படியே. 1970இல் நியமனம் பெற்றவர் ஏ. அஸீஸ். நியமனத்துக்கு வாக்கு எண்ணிக்கை கிடையாது. வாக்கு நிரலில் சுழியம் போடாமல் "நியமனம்" என்றே எழுதுங்கள்.

1977இல் நுவரெலியா–மஸ்கெலியா 3 உறுப்பினர் தொகுதி. காமினி திசாநாயக்க முதலாவது, அநுர பண்டாரநாயக்க இரண்டாவது, தொண்டமான் மூன்றாவது. மூவரும் தெரிவானவர்கள். மூன்றாம் இடம் என்பதைப் பார்த்துத் தோல்விப் பட்டியலில் சேர்த்துவிட வேண்டாம். வாக்காளர் ஒருவருக்கு அங்கே 3 வாக்கு இருந்தது. அதனால் வேட்பாளர்களின் வாக்குகளைக் கூட்டினால் வாக்களித்தோர் தொகையைத் தாண்டிவிடும். ஒற்றை உறுப்பினர் தொகுதியின் சதவீதத்தோடு அதை ஒப்பிடுவதில் பொருளில்லை.

1989க்குப் பிறகு: பட்டியல் வாக்கும் விருப்பு வாக்கும்

விகிதாசார முறையில் முதல் பொதுத் தேர்தல் நடந்தது 1989 பெப்ரவரி 15இல். 225 பேரில் 196 பேர் 22 தேர்தல் மாவட்டங்களிலிருந்தும் 29 பேர் தேசியப் பட்டியலிலிருந்தும் வருகிறார்கள். வாக்காளர் முதலில் கட்சிக்கோ குழுவுக்கோ வாக்களிக்கிறார். விரும்பினால் அதே பட்டியலில் 3 பேர் வரை விருப்பு வாக்கு இடலாம். ஆசனத்தைப் பட்டியல் வாக்கு தீர்மானிக்கிறது, ஆசனத்தில் யார் உட்காருவது என்பதை விருப்பு வாக்கு தீர்மானிக்கிறது.

ஆசனக் கணக்கைக் கையால் ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது. எடுத்த எண்கள் சரியா என்று சோதிக்க இதைவிட நல்ல வழி கிடையாது. 2020 நுவரெலியாவை எடுத்துக்கொள்வோம். மாவட்டத்துக்கு 8 ஆசனம். பொதுஜன பெரமுன 230,389 வாக்கு, ஐக்கிய மக்கள் சக்தி 132,008. மற்ற எந்தப் பட்டியலும் 5 சதவீதத்தை எட்டவில்லை, அவற்றின் வாக்குகள் கணக்கிலிருந்து விலக்கப்படும். அதிக வாக்கு பெற்ற பட்டியலுக்கு ஒரு போனஸ் ஆசனம் போக மீதி 7. இரண்டு பட்டியலின் வாக்கையும் கூட்டினால் 362,397. அதை 7ஆல் வகுத்தால் 51,771. பெரமுனவின் வாக்கில் இந்த எண் 4 தடவை போகும், மீதி 23,305. சக்தியின் வாக்கில் 2 தடவை போகும், மீதி 28,466. இன்னும் ஒரு ஆசனம் மிஞ்சுகிறது. மீதி பெரிதாக இருப்பது சக்திக்கு என்பதால் அது சக்திக்குப் போய் 3 ஆகிறது. பெரமுன 4உடன் போனஸ் சேர்ந்து 5. வெளியான முடிவும் 5க்கு 3தான். உங்கள் கணக்கு முடிவோடு ஒத்துவராவிட்டால் ஏதோ ஒரு வாக்கு எண் பிழையாகப் பதிவாகியிருக்கும்.

அதே தேர்தலில் பெரமுனவின் மொட்டுப் பட்டியலில் நின்ற இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸின் ஜீவன் தொண்டமானின் விருப்பு வாக்கு 109,155. இதை மாவட்டத்தின் செல்லுபடியான வாக்குகளோடு வகுத்துச் சதவீதம் சொல்வது தவறு. வேறு பட்டியலுக்கு வாக்களித்தவர் அவருக்கு விருப்பு வாக்கு இட வழியே இல்லை. பட்டியல் வாக்கான 230,389ஆல் வகுத்தால் 47.4 சதவீதம் வரும். அதாவது மொட்டுக்கு வாக்களித்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் அவருக்கு விருப்பு இட்டிருக்கிறார்கள். வெவ்வேறு தேர்தல்களில் ஒருவரின் விருப்பு வாக்கை ஒப்பிடும்போதும் இந்தச் சதவீதத்தையே எடுங்கள். பட்டியல் பெருத்தால் விருப்பு வாக்கும் பெருக்கும், ஆளின் செல்வாக்கு உயர்ந்ததென்று அதற்குப் பொருளல்ல.

ஜீவனின் தந்தை ஆறுமுகன் தொண்டமான் 2020 மே 26இல் காலமானார். வேட்புமனு அதற்கு முன்பே, மார்ச் மாதத்தில் தாக்கலாகியிருந்தது. அவருடைய இடத்துக்குத்தான் ஜீவன் வந்தார். இப்படி வேட்பாளர் மாறிய தேர்தல்களில் முதல் வேட்பாளர் பட்டியலையும் இறுதி முடிவையும் இரண்டையும் பார்க்க வேண்டும்.

இடையில் ஆசனம் வெறுமையானால் இப்போது இடைத்தேர்தல் இல்லை. அதே பட்டியலில் விருப்பு வாக்கில் அடுத்து நிற்பவர் உள்ளே வருவார். தேசியப் பட்டியல் இடமாக இருந்தால் கட்சி ஒருவரைப் பெயரிடும். இப்படி வந்தவருக்குத் தேர்தல் திகதி ஒன்று, பதவியேற்ற திகதி வேறொன்று. இரண்டையும் எழுதுங்கள்.

எங்கே எடுப்பது

தேர்தல் ஆணைக்குழுவின் முடிவுத்தாள்தான் அடிப்படை. பட்டியல் முடிவும் விருப்பு வாக்கு முடிவும் தனித்தனி ஆவணம், ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு திரும்பினால் பாதி வேலைதான். நுவரெலியா மாவட்டத்தில் நுவரெலியா–மஸ்கெலியா, கொத்மலை, ஹங்குராங்கெத்த, வலப்பனை என்று 4 தொகுதி உண்டு. நான்கையும் கூட்டி மாவட்டத் தொகை வரவில்லை என்று திகைப்பவர்கள் ஏராளம். தபால் வாக்கு தனி வரியில் இருக்கும், அதையும் சேர்த்தால் சரியாகிவிடும்.

பழைய பத்திரிகைகள் பிரசாரத்தையும் கூட்டணியையும் புரிந்துகொள்ள உதவும். தேர்தலுக்கு மறுநாள் பத்திரிகையில் வந்த வாக்கு எண்களை மட்டும் இறுதியாக எடுக்காதீர்கள். எந்தக் கோரிக்கைக்காகப் பேசினார் என்பதற்குப் பாராளுமன்ற உரைகளின் பதிவான ஹன்சாட், அமைச்சுப் பதவிக்கு அரசிதழான வர்த்தமானி. பிரதி அமைச்சர், இராஜாங்க அமைச்சர், அமைச்சரவை அமைச்சர் மூன்றும் வேறு வேறு, மேடையில் எல்லோரையும் "அமைச்சர்" என்றுதான் கூப்பிடுவார்கள். மாகாண சபை ஆவணம் தேவைப்பட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி அந்தச் சபையின் தகவல் அதிகாரிக்கு எழுதுங்கள். பொதுவாக 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். "அவரைப் பற்றிய எல்லாத் தகவலும் தேவை" என்று கேட்டால் கடிதம் சுற்றிக்கொண்டே இருக்கும். சபை, ஆண்டு, ஆவணம் மூன்றையும் குறித்துக் கேளுங்கள்.

பெயர் ஒரு தனித் தொல்லை. ஆறுமுகன், ஆறுமுகம் இரண்டும் புழக்கத்தில் உண்டு. தமிழில் ஒரு முதலெழுத்து, சிங்களத்தில் வேறொன்று, ஆங்கிலத்தில் இன்னொன்று என்று ஒரே ஆள் மூன்று பேராகத் தெரிவார். மூன்று மொழியிலும் கண்ட எழுத்துக்கூட்டல் எல்லாவற்றையும் ஒரு தாளில் சேர்த்துக்கொண்டு, ஒவ்வொன்றாலும் தேடுங்கள். முதலெழுத்து ஒத்துப்போனதை மட்டும் நம்பி இரண்டு ஆளை ஒன்றாக்கிவிடவும் வேண்டாம். மாவட்டமும் பட்டியலும் சேர்ந்து பொருந்த வேண்டும்.

பிரதேச சபையில் தொடங்கியவர் என்றால் சபையின் பெயரைச் சரிபாருங்கள். 2018 பெப்ரவரி 10 தேர்தலுக்கு முன் நுவரெலியா பிரதேச சபை நுவரெலியா, கொட்டகலை, அக்கரபத்தனை என மூன்றானது. அம்பகமுவ சபை அம்பகமுவ, மஸ்கெலியா, நோர்வூட் என மூன்றானது. முன்பு நுவரெலியா சபை உறுப்பினர், பின்பு கொட்டகலை சபை உறுப்பினர் என்றால் ஆள் ஊர் மாறியதாகத் தோன்றும். தோட்டம் அதேதான், எல்லைதான் மாறியது. 2018இலிருந்து கலப்பு முறை என்பதால் வட்டாரத்தில் வென்றாரா, பட்டியலில் வந்தாரா என்பதையும் முடிவு நிரலில் சேர்க்க வேண்டும்.

கட்டம் நிரம்பியபின் குடும்பத்தாரிடமும் சங்கக் காரியாலயத்துக்கும் போங்கள். பழைய துண்டுப்பிரசுரம், வேட்பாளர் இலக்கம் அச்சான சுவரொட்டி, சங்கத்தில் எந்த ஆண்டு எந்தப் பொறுப்பு போன்றவை அங்கேதான் இருக்கும். வாக்கு எண்ணிக்கையை மட்டும் அவர்கள் நினைவிலிருந்து எடுக்காதீர்கள். சொன்னது முடிவுத்தாளோடு முரண்பட்டால் தாளில் உள்ளதைப் பதிந்து, சொன்னதை ஆதார நிரலில் பென்சிலால் குறித்துவைத்து, அடுத்த முறை ஆவணக் காப்பகம் போகும்போது பாருங்கள்.