நிரல் (code) வழியே கடவுச்சொல்: விடுபடும் ஓர் அனுமதி

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தோட்டப் பிள்ளைகளுக்கான டியூஷன் வகுப்புக்கு, ஆசிரியர்களின் அமேசான் கிளவுட் கணக்குகளைப் பைத்தான் மொழியில் நிரல் எழுதித் திறந்தேன். தற்காலிகக் கடவுச்சொற்களை உருவாக்க, பைத்தானின் சீக்ரெட்ஸ் (secrets) நூலகம். அதன் சாதாரண சீரற்ற எண் நூலகமான ரேண்டம் (random) இந்த வேலைக்கு ஆகாது. முதல் நுழைவிலேயே கடவுச்சொல்லை மாற்ற வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. டீச்சர் ஒருவர் அழைத்தார்: "தம்பி, மாத்தச் சொல்லுது, மாத்தப் போனா அனுமதி இல்லங்குதே!"

இணையத் திரையில் பயனரை உருவாக்கி அந்த நிபந்தனையைத் தேர்ந்தெடுத்தால், கடவுச்சொல் மாற்றும் அனுமதியும் தானாகச் சேரும். நிரல் வழி உருவாக்கினால் சேராது; நாம்தான் தர வேண்டும். 'ஐஏஎம் யூசர் சேஞ்ச் பாஸ்வேர்ட்' (IAMUserChangePassword) என்ற பாலிசியை, அதாவது அமேசானின் ஆயத்த அனுமதித் தொகுப்பை, ஆசிரியர் குழுவோடு இணைத்தேன். டீச்சர் உள்ளே போய்விட்டார்.

இன்னொன்று: தற்காலிகக் கடவுச்சொல்லை வாட்சப் குழுவில் போடவே கூடாது. ஒவ்வொருவருக்கும் போன் செய்துதான் சொன்னேன்.