தோசைக்கல்லுக்குக் கம்பி நார் வேண்டாம்

வார்ப்பிரும்புத் தோசைக்கல்லில் அடை தீய்ந்து ஒட்டிக்கொண்டால் உடனே கம்பி நாரைக் கையில் எடுக்காதீர்கள். அந்தக் கறுப்புப் பளபளப்பு அழுக்கு இல்லை. எண்ணெய் சூட்டில் இறுகி இரும்போடு படிந்த படலம். தோசை ஒட்டாமல் எழும்புவதே அதனால்தான். மாதக்கணக்கில் பழக்கிய கல்லைக் கம்பி நார் ஒரே நாளில் கெடுத்துவிடும்.

உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் சுரண்டி ஒன்று வாங்கி வையுங்கள். காலாவதியான ஏடிஎம் கார்டும் போதும், நான் அதைத்தான் வைத்திருக்கிறேன். கல் கை பொறுக்கும் சூட்டுக்கு வரட்டும். சுடச்சுட இருக்கும்போது பிளாஸ்டிக் உருகிவிடும். பச்சைத் தண்ணீர் ஊற்றினாலோ கல்லே விரிசல் விடலாம். கொஞ்சம் வெந்நீர் தெளித்து, கார்டைச் சாய்த்துப் பிடித்துத் தள்ளுங்கள். கருகல் செதில் செதிலாகக் கழன்று வரும். குழிந்த வாணலிக்கு வட்ட முனைச் சுரண்டிதான் சரி.

அப்புறம் கழுவித் துடைத்து, ஈரம் போக ஒரு நிமிடம் அடுப்பில் காயவைத்து, சூட்டோடு இரண்டு சொட்டு நல்லெண்ணெயைத் துணியால் தேய்த்துவிடுங்கள். ஈரத்தோடு மட்டும் கவிழ்த்து வைக்காதீர்கள், காலையில் துருப் பிடித்திருக்கும்.