சின்ன ஷெட்டில் சைக்கிளும் மண்வெட்டியும்

கொல்லைப்புறத்தில் இருப்பது 6 அடிக்கு 4 அடி ஷெட் என்றால், முதலில் இடத்தை விழுங்குவது சைக்கிள்தான். பெரியவர்கள் ஓட்டும் சைக்கிள் கிட்டத்தட்ட 6 அடி நீளம், ஹேண்டில்பார் 2 அடி அகலம். முன்சக்கரத்தைக் கொக்கியில் மாட்டிச் செங்குத்தாகத் தொங்கவிட்டால் தரையில் பாதிக்கு மேல் மிச்சம். கொக்கியைத் தகரத்தில் மாட்டாதீர்கள். செங்கல் சுவரில் டிரில் போட்டு, போல்ட் வைத்து முடுக்க வேண்டும். பின்சக்கரம் தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்கும் உயரம் போதும். அப்போதுதான் சைக்கிளைப் பின்சக்கரத்தில் நிமிர்த்தி, முன்பக்கத்தை மட்டும் தூக்கி மாட்டலாம், இடுப்பு பிடிக்காது. இரண்டு சைக்கிள் என்றால் ஒரு கொக்கி மற்றதைவிட 1 அடி உயரத்தில் இருக்கட்டும், ஹேண்டில்பார்கள் முட்டிக்கொள்ளாது. மட்கார்டு, கேரியர் வைத்த பழைய கனமான சைக்கிளுக்கு இது சரிவராது; அதைச் சுவரோரமாகவே நிறுத்திவிடுங்கள்.

மண்வெட்டிக்கு இரண்டு ஆணி போதும், தகடு சுவரைப் பார்த்திருக்க வேண்டும். கடப்பாரை மூலையில். அப்புறம் ஹோஸ்: காலி பெயின்ட் வாளியின் அடிப்பக்கத்தைச் சுவரில் திருகிவிட்டு, அதைச் சுற்றி ஹோஸைச் சுருட்டுங்கள். வாளிக்குள் கத்தரி, கையுறை, சணல் கயிறு எல்லாம் போட்டுவைக்கலாம்.

யூரியா, பொட்டாஷ் இருந்தால் மூடியுள்ள டப்பாவில், சைக்கிளுக்கு எதிர் மூலையில் வையுங்கள். ஈரத்தை இழுத்துக் கசியும் உரம் செயினைச் சீக்கிரம் துருவேற்றிவிடும்.