ஆங்கிலத்தின் குட்டிச் சொற்கள்: எங்கே தவறுகிறோம்?

லீவ் லெட்டரோ கலெக்டர் ஆபீஸ் மனுவோ, ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தால் பெரிய சொல்லுக்கெல்லாம் அகராதி பார்க்கிறோம். ஏ, அன், தி, இன், ஆன், அட், டு ஆகியவற்றைக் கைபோன போக்கில் போட்டுவிடுகிறோம். தப்பு மொய்ப்பது அங்கேதான். தமிழில் இன், ஆன், அட், டு ஆகியவற்றின் வேலையை வேற்றுமை உருபு பார்க்கிறது. ஓர் உருபுக்கு ஒரே ஆங்கிலச் சொல் என்று வைத்துக்கொண்டால் வாக்கியம் கெடும்.

'இல்' உருபையே பாருங்கள். பாளையங்கோட்டையில் குடியிருக்கிறேன் என்றால் ஊர் நம்மைச் சுற்றி இருக்கிறது, எனவே இன். ஜங்ஷனில் இறங்கினேன் என்றால் அது பயணத்தில் ஒரு புள்ளி, எனவே அட். சுவரில் படம் என்றால் மேற்பரப்பு, எனவே ஆன். வீதிக்கு பிரிட்டன்காரர் பெரும்பாலும் இன் என்பார், அமெரிக்கர் ஆன் என்பார்; கதவு எண் சேர்ந்துவிட்டால் இருவருக்கும் அட்தான். வண்டியில் இன்னொரு கணக்கு: எழுந்து நடக்க இடமுள்ள பஸ், ரயிலுக்கு ஆன், உட்கார மட்டுமே இடமுள்ள கார், ஆட்டோவுக்கு இன். பைக்கின் மேல் உட்காருவதால் அதற்கும் ஆன்.

நேரத்துக்கு: மணிக்கு அட், கிழமைக்கும் தேதிக்கும் ஆன், மாதத்துக்கும் ஆண்டுக்கும் இன். 'இன் தி மார்னிங்' சரி. ஆனால் திங்கட்கிழமை காலை என்றதும் 'ஆன் மண்டே மார்னிங்' ஆகிவிடும். 'டுடே மார்னிங்' வேண்டாம், 'திஸ் மார்னிங்' போதும்.

அடுத்தது, வேண்டாத இடத்தில் ஒட்டவைப்பது. 'பற்றி' என்ற பொருள் டிஸ்கஸ் என்ற சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. பின்னால் அபவுட் எதற்கு? தென்காசிக்குப் போய்ச் சேர்ந்தால் 'ரீச்டு தென்காசி', நடுவில் டு கிடையாது. 'டோல்டு மீ' சரி, 'டோல்டு டு மீ' தப்பு. ஆனால் எக்ஸ்பிளெய்னுக்கு 'டு மீ' கட்டாயம். மனுவில் அதிகம் சறுக்குவது ரிக்வெஸ்ட்: 'மை ரிக்வெஸ்ட் ஃபார் லீவ்' என்று பெயர்ச்சொல்லாக வந்தால் ஃபார் உண்டு, 'ஐ ரிக்வெஸ்ட் லீவ்' என்று வினையாக வந்தால் இல்லை.

ஏ-வா அன்-னா என்பதை எழுத்து முடிவு செய்யாது, ஒலிதான் முடிவு செய்யும். இதற்குத் தமிழ் எழுத்தே நல்ல துணை. அடுத்து வரும் சொல்லைத் தமிழில் எழுதுங்கள். முதலெழுத்து உயிரானால் அன்: அவர் (மணி நேரம்), எம்.எல்.ஏ., எஃப்.ஐ.ஆர். உயிர்மெய்யானால் ஏ: யூனிவர்சிட்டி, பி.ஏ. டிகிரி, ஹல்வா. இந்த வழி ஏமாற்றுகிற இடமும் உண்டு. ஒன், இயர் இரண்டையும் நாம் உயிரொலியில் தொடங்குகிறோம். ஆங்கிலேயர் வாயில் அவை 'வன்', 'யியர்'. ஆகவே 'ஏ ஒன் ருபீ காயின்', 'ஏ இயர்'.

தி ஆற்றுக்கு வரும், மலைத்தொடருக்கு வரும்: தி தாமிரபரணி, தி வெஸ்டர்ன் காட்ஸ். தனிச் சிகரமான அகத்தியமலைக்கு வராது. ஊர்ப் பெயருக்கும் வராது. 'தி யூனிவர்சிட்டி ஆஃப் மெட்ராஸ்' என்பதில் நடுவில் ஆஃப் இருப்பதால் முன்னால் தி. மனோன்மணியம் சுந்தரனார் யூனிவர்சிட்டிக்கு அது தேவையில்லை. அந்த யூனிவர்சிட்டி 1990-ல் தொடங்கி இன்றும் நடப்பதைச் சொல்ல 'சின்ஸ் 1990'. பலர் எழுதும் 'ஃப்ரம் 1990' அங்கே பொருந்தாது. தொடங்கிய புள்ளிக்கு சின்ஸ், ஓடிய காலத்துக்கு ஃபார்.

அனுப்புமுன் பென்சிலால் ஒவ்வொரு பெயர்ச்சொல்லையும் வட்டமிடுங்கள். எண்ணக்கூடிய ஒருமைப் பெயருக்கு முன்னால் ஏ, அன், தி, மை, திஸ் போன்ற எதுவுமே இல்லாமல் மொட்டையாக நின்றால் பெரும்பாலும் ஏதோ விட்டுப்போயிருக்கிறது. 'நான்' என்னும் ஐ வரியின் நடுவில் வந்தாலும் பெரிய எழுத்துதான். செல்போன் பழக்கத்தில் அது மனுவிலும் சின்னதாகிவிடுகிறது.