எடை குறைந்த வேட்டை ரைஃபிள் வாங்கும்போது செய்யும் தவறுகள்

மலைச்சரிவில் நாள் முழுக்க ஏறி இறங்கியவருக்கு நூறு கிராம்கூட பெரிய கணக்குதான். நான்கு கிலோ ரைஃபிளைச் சுமந்து வலித்த தோள், அடுத்தது மூன்று கிலோவுக்குள் இருக்கட்டும் என்று கேட்பது நியாயமே. ஆனால் பலர் ரைஃபிளை ஒரு நாள் முடிவு செய்கிறார்கள், தோட்டாவை இன்னொரு நாள் முடிவு செய்கிறார்கள். இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். தோளில் விழும் உதை இரண்டிலிருந்தும் வருகிறது.

ஒரே தோட்டாவை நான்கு கிலோ ரைஃபிளில் சுட்டுவிட்டு மூன்று கிலோ ரைஃபிளில் சுட்டால், உதைக்கும் ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். அதே மூன்று கிலோ எடையில், .308 வின்செஸ்டர் தோட்டாவுக்கான ரைஃபிளுக்குப் பதில், மருந்து அதிகம் கொண்ட .300 வின்செஸ்டர் மேக்னம் தோட்டாவுக்கான ரைஃபிளை எடுத்தால், உதை ஒன்றரை மடங்கைத் தாண்டும். கடையில் கையில் எடுத்துப் பார்க்கும்போது இது தெரியவே தெரியாது. சுடும்போதுதான் தெரியும்.

உதையைத் தாங்கிக்கொள்ளலாம் என்று நினைப்பதுதான் பெரிய தவறு. வலியை மனம் பொறுத்துக்கொள்ளும். உடம்பு பொறுக்காது, முன்கூட்டியே சுருங்கும். இதை எளிதாகச் சோதிக்கலாம். சுடுதளத்தில் நண்பரிடம் ரைஃபிளைக் கொடுத்து, நீங்கள் பார்க்காதபடி சில முறை நிஜத் தோட்டாவும் சில முறை வெடிமருந்து இல்லாத வெற்றுப் பயிற்சித் தோட்டாவும் போடச் சொல்லுங்கள். வெற்றுத் தோட்டா வரும் முறை விசையை இழுத்ததும் ‘டிக்’ என்ற சத்தம் மட்டும் கேட்கும். அதே நொடியில் குழலின் முனை கீழே குத்துவதைப் பார்ப்பீர்கள். கண்ணும் இறுக மூடியிருக்கும். என் இலகு மேக்னத்தில் இதைச் செய்து பார்த்த அன்றுதான், மாதக்கணக்கில் என் குண்டுகள் ஏன் இடதுபக்கம் தாழ்வாக விழுந்தன என்பது எனக்குப் புரிந்தது. அந்த நிலையில் விலங்கைச் சுட்டால் குண்டு நுரையீரலில் படாது, வயிற்றில் படும். அது காயத்தோடு ஓடி, மணிக்கணக்கில் துடித்துச் சாகும். அப்படியொரு சாவுக்கு நாம் காரணமாகவே கூடாது.

பெரிய விலங்கு என்றாலே மேக்னம் வேண்டும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. ஆனால் 1890-களில் பிறந்த, மேக்னம் அல்லாத 6.5×55 தோட்டாவாலேயே ஸ்காண்டிநேவியாவில் தலைமுறை தலைமுறையாகப் பெரிய மூஸ் மான்களை வேட்டையாடுகிறார்கள். 7 மி.மீ.-08 ரெமிங்டன், 6.5 கிரீட்மூர், .308 போன்றவை நீளம் குறைந்தவை; குட்டையான ஆக்‌ஷனில் (தோட்டாவை ஏற்றி வெளியேற்றும் பகுதியில்) அடங்குவதால் ரைஃபிளின் எடையும் சற்றுக் குறையும். மூன்று கிலோ ரைஃபிளுக்கு நான் சொல்வது இந்த வரிசையைத்தான்.

அதற்காக எதிர்ப்பக்கமும் போய்விடக் கூடாது. ஆப்பிரிக்காவில் யானை வேட்டையாடிய டபிள்யூ. டி. எம். பெல் 7 மி.மீ. மவுசரால் நூற்றுக்கணக்கான யானைகளைச் சாய்த்தார் என்ற கதையைக் காட்டி, சின்னத் தோட்டாவே எதற்கும் போதும் என்பார்கள். அவர் யானையின் மண்டையோட்டை அறுத்துப் படித்தவர், துளைத்துச் செல்லும் முழுக்கவசக் குண்டு போட்டவர். நமக்கு அது முன்மாதிரி ஆகாது. ஜெர்மன் வேட்டைச் சட்டத்தில் செம்மான், காட்டுப்பன்றி போன்றவற்றுக்குக் குறைந்தது 6.5 மி.மீ. குண்டு வேண்டும், 100 மீட்டரில் 2000 ஜூல் ஆற்றலும் இருக்க வேண்டும். நீங்கள் வேட்டையாடும் இடத்து விதியை முதலில் படியுங்கள். அப்புறம் தோட்டாவிலிருந்து பாயும் குண்டைப் பாருங்கள். தோட்டாவின் பெயரைவிடக் குண்டின் கட்டுமானம் முக்கியம். மெல்லிய உறை கொண்ட குண்டு தோள் எலும்பில் பட்டுச் சிதறிவிடலாம். உறையும் ஈயமும் பிணைந்த குண்டோ, முழுச் செம்புக் குண்டோ ஆழமாகப் போகும்.

விளம்பரத்தில் இருப்பது வெறும் ரைஃபிளின் எடை. குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப், அதைப் பிடிக்கும் வளையங்கள், வார், தோட்டாக்கள் எல்லாம் ஏறியதும் ஒரு கிலோ வரை கூடும். ரைஃபிளில் கிராம் கிராமாகக் குறைத்துவிட்டு எழுநூறு கிராம் ஸ்கோப்பை மேலே வைத்தால் என்ன மிச்சம்? எடையும் மேலேறி ரைஃபிள் கையில் சாயும். ஸ்கோப்புக்கும் கண்ணுக்கும் போதிய இடைவெளி இருக்கிறதா என்பதையும் பாருங்கள். இலகு ரைஃபிள் வேகமாகப் பின்னால் வந்து புருவத்தைக் கிழித்துவிடும்.

உதையைக் குறைக்க, வெடிவாயுவைப் பக்கவாட்டில் திருப்பிவிடும் பிரேக்கைக் குழல்முனையில் மாட்டலாம். உதை குறையும், ஆனால் வெடிச்சத்தம் பக்கவாட்டில் திரும்பி, சுடுபவரின் காதையும் அருகில் நிற்பவரின் காதையும் கூடுதலாகத் தாக்கும். ஒரே வெடியில் கேட்கும் திறன் நிரந்தரமாகக் கெடலாம். காதுக்காப்பு இல்லாமல் பிரேக் மாட்டிய ரைஃபிளைச் சுடவே சுடாதீர்கள்.

மெல்லிய குழல் சீக்கிரம் சூடாகும். ஸ்கோப்பைச் சரிசெய்யும்போது பத்துத் தோட்டாவைத் தொடர்ந்து சுட்டு, குண்டுகள் பரவுகின்றன என்று ரைஃபிளைக் குறை சொல்பவர்கள் பலர். மூன்று சுட்டதும் ஆறவிடுங்கள். வேட்டையில் கணக்கில் வருவது குளிர்ந்த குழலில் செல்லும் முதல் குண்டு. அது தினமும் எங்கே விழுகிறது என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். அதையும் மேசையில் மட்டும் சுட்டுப் பார்க்காமல், உட்கார்ந்தும் முழங்காலிட்டும் கோல் ஊன்றியும் சுட்டுப் பாருங்கள். இலகு ரைஃபிள் இதயத் துடிப்புக்கே ஆடும். கனமான விசையை இழுத்தாலும் குறி நகரும். மூச்சு வாங்கும் நிலையில் எந்தத் தூரம் வரை உங்கள் குண்டுகள் ஒரு சாப்பாட்டுத் தட்டுக்குள் விழுகின்றனவோ, அதுதான் அந்த ரைஃபிளோடு நீங்கள் விலங்கைச் சுடலாம் என்ற எல்லை.